தேசிக்காய் எண்ணெயும் மூவாயிரம் ரூபாய் நிம்மதியும்

தேசிக்காய் என்று சொல்வதா எலுமிச்சம்பழம் என்று சொல்வதா என்ற சண்டை எங்கள் குழுவுக்குள் இன்னும் முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரும் மட்டக்களப்புக்காரரும் தேசிக்காய் என்பார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து வந்தவர்கள் எலுமிச்சை என்பார்கள். கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மார்க்கட்டில் "தெஹி" என்று கேட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்குள் வந்தபிறகு தமிழுக்கு மாறுவார்கள். வழக்கமாக இந்தச் சண்டை கன்டீன் மேசையோடு முடிந்துவிடும். இந்த முறை அதைக் கட்டுரைக்குள் கொண்டு வருகிறோம், காரணம் இருக்கிறது.

கண்டியைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். மாத்தளை வீதியிலும் மாவனல்லைப் பக்கமும் வரிசையாக இருக்கிற வாசனைத் திரவியத் தோட்டங்களில் விற்கிறார்கள். டவுனில் அழகுசாதனக் கடைகளில் விற்கிறார்கள். கேம்பஸ் வட்ஸ்அப் குழுக்களில்கூட யாராவது ஒரு அக்கா "ஓர்டர் எடுக்கிறேன்" என்று போட்டு வைத்திருப்பார். 10 மில்லிலீட்டர், ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை. ஒன்றில் ஆங்கிலத்தில் 'லெமன்' என்று இருக்கும், இன்னொன்றில் 'லைம்' என்று இருக்கும். தமிழில் நாம் இரண்டையும் எலுமிச்சை என்றுதான் வாசிப்போம். ஆனால் அவை இரண்டு பழம், இரண்டு எண்ணெய். ஒன்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் வரக்கூடிய வில்லங்கம் மற்றதைவிடப் பெரிது. லேபலில் அது எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் தமிழில் இருக்காது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த எண்ணெய்கள் நல்ல வாசனை. மனசுக்கு ஒரு சின்ன உதவி செய்கின்றன என்று சொல்ல ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அவற்றை மருந்தாக விற்பது பொய். அந்தப் பொய்யின் விலையைக் கட்டுவது பெரும்பாலும் எங்களைப் போன்ற மாணவர்களும், அந்த எண்ணெயில் நாள் முழுக்கக் கைவைத்து வேலை செய்கிற பிள்ளைகளும்தான்.

எண்ணெய் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். தோடம்பழத்தோலை மடித்து ஒரு விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்கிப் பாருங்கள், பட்பட்டென்று பொறி பறக்கும். சின்ன வயதில் தம்பி தங்கச்சியின் கண்ணில் பீய்ச்சி அடி வாங்கியவர்களுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். தோலின் மேற்பகுதியில் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ப் பை. சாற்றில் இந்த எண்ணெய் கிடையாது, விதையிலும் கிடையாது. தோலை அமுக்கிப் பிழிந்து எடுத்தால் அதற்குக் குளிர்முறையில் பிழிந்த எண்ணெய் என்று பெயர். நீராவியில் வடித்தும் எடுக்கலாம். இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

அதற்குள் பெரும்பங்கு லிமோனின் என்ற ஒரே பொருள்தான். இனிப்புத் தோடம்பழ எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல், லெமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, லைமில் அதைவிடக் குறைவு. மிச்சத்தில் இருக்கிற சிட்ரால், பீட்டா பைனீன் போன்ற சின்னச் சின்னப் பொருட்கள்தான் ஒவ்வொரு பழத்துக்கும் அதனதன் மணத்தைக் கொடுக்கின்றன. லிமோனின் ஒரு நல்ல கரைப்பான். நம்பாதவர்கள் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியில் ரெண்டு சொட்டு தோடம்பழ எண்ணெய் விட்டுப் பாருங்கள், ஓட்டை விழும். "தினம் காலையில் தண்ணீரில் ரெண்டு சொட்டுக் குடியுங்கள், உடம்பு சுத்தமாகும்" என்று வீடியோ போடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தண்ணீரை எந்தக் கப்பில் குடிக்கச் சொல்கிறீர்கள்? எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து நேராக வாயிலும் தொண்டையிலும் படும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்தில் கிடைக்கிற வாசனை எண்ணெய்களில் தோடம்பழ எண்ணெய் மலிவான ஒன்று. பிரேசில் போன்ற நாடுகளில் சாறு பிழியும் பெரிய தொழிற்சாலைகளின் உபபொருளாக அது வருகிறது. இலங்கை பெயர் வாங்கியது கறுவா எண்ணெயிலும் தெற்கில் வளர்கிற சிட்ரோனெல்லாவிலும். சிட்ரோனெல்லா, பெயரைக் கேட்டால் எலுமிச்சை இனம் மாதிரி இருக்கும். அது ஒரு புல். சிங்களத்தில் பெங்கிரி. எலுமிச்சம்புல்லும் அப்படித்தான், புல்லே தவிரப் பழம் இல்லை. டவுனில் ஒரு கடையில் லெமன் எண்ணெய் கேட்டபோது எலுமிச்சம்புல் எண்ணெயை எடுத்துத் தந்து "ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி" என்றார்கள். ரெண்டும் ஒன்றில்லை. லெமன் எண்ணெயில் ஒரு சில சதவீதமே இருக்கிற சிட்ரால், எலுமிச்சம்புல் எண்ணெயில் 70 சதவீதத்தையும் தாண்டும். தோலுக்கு ஒவ்வாமை கொடுப்பதில் சிட்ரால் பெயர்போனது.

சரி, "அரோமாதெரபி" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இது நம் பாட்டிமார் வைத்திருந்த மூவாயிரம் வருட இரகசியம் என்று வாசனைத் தோட்டத்து வழிகாட்டி சொல்வார். அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் ரெனே மொரிஸ் கட்ஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1937இல் அதே பெயரில் புத்தகம் எழுதினார். அவர் வாசனைப் பொருள் தொழிலில் இருந்தவர். ஆக, இந்தப் பெயருக்கு இன்னும் நூறு வயதாகவில்லை. நம் பாட்டிமாரிடம் இருந்தது வேறொன்று, அது இன்னும் நம்மிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில் துர்க்கைக்கு ஏற்றுகிற எலுமிச்சை விளக்கு. புது த்ரீவீலின் டயருக்கு அடியில் வைத்து நசுக்குகிற பழம். தலைசுற்றினால் மூக்கில் பிடித்து முகரச் சொல்கிற பழம், கண்டியிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில் ரம்பொடை வளைவுகளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய பழம். காட்டில் அட்டைக்கு எதிராக ஒரு எலுமிச்சையே இருக்கிறது, சிங்களத்தில் அதன் பெயரே "கூடலு தெஹி", அட்டை எலுமிச்சை. இதையெல்லாம் யாரும் தெரபி என்று சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை. தலதா மாளிகையில் புதன்கிழமைகளில் நடக்கிற நானுமுர மங்கல்யத்தில் வாசனை நீர் இருக்கிறது, நமது சித்திரை வருடப்பிறப்பு மருத்துநீரில் வாசனை இருக்கிறது. மணத்தோடு மனசைச் சேர்த்து வைக்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எங்களில் யாரும் விஞ்ஞானபீடம் இல்லை, ஆனால் கலைப்பீடத்துக்காரருக்கும் வாசிக்கத் தெரியும். வியன்னாவில் ஒரு பல் வைத்தியசாலையில் காத்திருந்த 200 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு இருந்த இடத்தில் தோடம்பழ வாசனை, இன்னொன்றில் லவெண்டர், மற்றொன்றில் இசை, கடைசியில் ஒன்றுமே இல்லை. 2005இல் வந்த முடிவின்படி, வாசனை இருந்த குழுக்களில் இருந்தவர்கள் ஒன்றும் இல்லாத குழுவைவிடப் பதற்றம் குறைவு என்று சொன்னார்கள். பல் பிடுங்கப் போகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எங்களுக்கு அதைவிடப் பிடித்தது 2008இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீகோல்ட்-கிளேசரும் அவரது குழுவும் வெளியிட்ட ஆய்வு. 56 ஆரோக்கியமான ஆட்கள். மூக்குக்குக் கீழே பஞ்சை ஒட்டி, லெமன், லவெண்டர், வெறும் தண்ணீர் என்று வெவ்வேறு நாட்களில் முகரவைத்தார்கள். பனிக்குளிர் நீரில் காலை வைக்கச் சொன்னார்கள், தோலில் டேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்து அது எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்த்தார்கள், இரத்தமும் எச்சிலும் எடுத்தார்கள். லெமன் வாசனை மனநிலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டது, அதுவும் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் சொல்லப்படாதவர்களுக்கும் ஒரே மாதிரி. ஆனால் வலி குறையவில்லை. தோல் சீக்கிரம் ஆறவில்லை. உடம்பின் அழுத்த ஹோர்மோன்கள் இறங்கவுமில்லை. எங்களுக்கு இந்த ஒரு ஆய்வே முழுக் கதையையும் சொல்கிறது. மனசுக்கு ஒரு சின்னத் தூக்கல், உடம்பு நோய்க்கு ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, எல்லாம் ஏமாத்து" என்று சிரிக்கிற நண்பர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. பரீட்சைக்கு முந்தின இரவு மனநிலை கொஞ்சம் தூக்கினால் அது லாபம்தானே?

சிக்கல் வேறிடத்தில். வாசனைத் தோட்டங்களில் கையில் திணிக்கிற பட்டியலில் நாங்கள் வாசித்தவை: நீரிழிவு, கொழுப்பு, மூட்டுவாதம், தைரொயிட், மனச்சோர்வு. எல்லாவற்றுக்கும் ஒரு போத்தல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். ஆனால் அதே பட்டியலோடு வீட்டுக்குப் போகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். எங்களில் ஒருவருடைய பெரியம்மா நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பிறகு கிளினிக்கில் ஏச்சு வாங்கி மறுபடி மாத்திரைக்கு வந்தார். நல்ல காலம், ஒரு மாதத்தோடு போனது.

இப்போது லைமுக்கு வருவோம். எங்கள் பெச்சில் ஒருத்தி (சொல்லலாம் என்று அவளே சொன்னாள், பெயர் மட்டும் வேண்டாம்) ஹந்தானைக்கு ஏறப்போன நாளில், அட்டை கடிக்காமல் இருக்க, வாங்கி வைத்திருந்த லைம் எண்ணெயை அப்படியே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தேய்த்துக்கொண்டாள். விற்றவர் "இயற்கையானது, பயமில்லை" என்று சொல்லியிருந்தார். நல்ல வெயில். அடுத்த நாள் கை சிவந்தது, அதற்கடுத்த நாள் கொப்புளம். எண்ணெய் ஓடிய வழியிலேயே கோடு கோடாக. யாரோ சுடுதண்ணீர் ஊற்றிவிட்டார்களா என்று வோர்டனே கேட்டார். கொப்புளம் ஆறினாலும் கறுப்புத் தழும்பு போக மாதங்கள் எடுத்தன. அவள் தன் அக்காவின் கல்யாணத்துக்கு முழுக்கைச் சட்டை தைத்தாள்.

காரணம் எளிது. லைம் தோலில் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் எரியும். குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் அவை அப்படியே வந்துவிடும். நீராவியில் வடித்ததில் வராது, அவை ஆவியோடு எழும்பாத கனமான பொருட்கள். மேலே மறக்கவேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். ஏர்ல் கிரே தேநீரில் போடுகிற பெர்கமொட் எண்ணெயிலும் இதே பொருட்கள் அதிகம். (1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது முதல் நம் மலையில் பறித்த கொழுந்தும் இத்தாலியின் கலாப்ரியாவில் விளைந்த தோடையின் எண்ணெயும் ஒரே கோப்பையில் சந்திக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள். அது தனிக் கட்டுரை.) இனிப்புத் தோடம்பழ எண்ணெயில் இந்த ஆபத்து இல்லை. லெமனில் கொஞ்சம், லைமில் கூட. சர்வதேச வாசனைப்பொருள் தொழிற்துறையே தனக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது: தோலில் விட்டுவைக்கிற பொருளில் பிழிந்த லைம் எண்ணெய் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, லெமன் 2 சதவீதம். வீட்டுக் கணக்கில் சொன்னால் 30 மில்லிலீட்டர் தேங்காயெண்ணெய்க்கு லைம் நாலு சொட்டு. அவள் பூசியது கலப்பே இல்லாத நூறு சதவீதம். இதை ஒரு வரியில் லேபலில் போட்டிருக்கலாம்.

லேபலில் இல்லாத இன்னொன்று திகதி. லிமோனின் காற்றுப்பட்டால் கெட்டுப்போகும். கெட்டது மணத்தில் அவ்வளவு தெரியாது, ஆனால் அப்படி உருவாகிற பொருட்கள் தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடியவை என்று சுவீடன் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். கடை ஜன்னலில் வெயில் காய்கிற, பாதி காலியான டெஸ்டர் போத்தல்தான் இதில் மோசம். அதைத்தான் வருகிறவர் எல்லோர் கையிலும் பூசிக் காட்டுகிறார்கள்.

பூசிக் காட்டுகிறவர் யார் என்பதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எங்களுக்கு மனமில்லை. கண்டியில் மசாஜ் நிலையங்களிலும் பார்லர்களிலும் வேலைக்கு வருகிறவர்களில் பலர் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். கொழுந்து கூடைக்குப் பதிலாக ஏசி அறை, அம்மாவுக்கும் சந்தோஷம். நாங்கள் பேசிய ஒரு தங்கச்சிக்கு இருபது வயது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்கு மசாஜ், எல்லாம் வெறுங்கையில். விரலிடுக்கு வெடித்து, தோல் உரிந்து, இரவில் எரிவதாகச் சொன்னாள். முதலாளியிடம் சொன்னதற்கு "எண்ணெயில் வேலை செய்றவளுக்குக் கை மெதுவாத்தானே இருக்கணும்" என்று பதில் வந்ததாம். வாசனை எண்ணெயோடு தினம் வேலை செய்கிறவர்களுக்குக் கைத்தோல் அழற்சி வருவது உலகம் முழுக்கப் பதிவான தொழில் நோய். வாடிக்கையாளருக்கு "நிம்மதி" தருகிற எண்ணெய் அவளுக்கு எரிச்சல் தருகிறது. அவள் கையில் ஊற்றுகிற போத்தலில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது என்ன மருந்து என்று தெரியாமல் அடித்த அவளுடைய அப்பாவின் கதைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. மருந்துகளையும், மருந்தா பண்டமா என்று எல்லைக்கோட்டில் நிற்கிற பொருட்களையும் கவனிக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம், முறையிட 1977 என்ற இலக்கமும் உண்டு. ஆனால் ஒரே போத்தல் காலையில் ஆயுர்வேதம், மத்தியானம் அழகுசாதனம், பின்னேரம் வெறும் வாசனைப் பொருள் என்று வேடம் மாறினால் எந்த அலுவலகம் எந்த வேடத்தைப் பிடிக்கும்? நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எந்தத் தாவரம் என்று அதன் தாவரவியல் பெயர், பிழிந்ததா வடித்ததா, அடைத்த திகதி, வெயில் எச்சரிக்கை. இவை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். நோயின் பெயர் எதுவும் வேண்டாம்.

இனி எங்கள் கேம்பஸ் கதை. பரீட்சைக் காலம் வந்தால் விடுதியில் யாராவது அழுவார்கள், யாராவது சாப்பிடமாட்டார்கள், யாராவது நாலு நாள் தூங்கியிருக்கமாட்டார்கள். முன்பு பக்கத்து அறை அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். இப்போது ஒரு போத்தல் லிங்க் அனுப்புகிறோம். "இதை டிஃபியூசர்ல போடு, சரியாயிடும்." அன்பில்தான் அனுப்புகிறோம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாலு நாள் தூங்காத பிள்ளைக்கு வாசனை போதாது, அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். இதை விடுதிக் கதவில் ஒட்டியிருக்கிறோம், எண்ணெய் ஓர்டர் எடுக்கிற அக்காவும் தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார், அவரைப் பாராட்ட வேண்டும்.

டிஃபியூசர் வைத்திருப்பவர்கள் அறைக்கு வந்துபோகிற பூனையைக் கொஞ்சம் யோசியுங்கள். பூனையின் ஈரலால் இந்த எண்ணெய்களைச் சரியாகச் சமாளிக்க முடியாது, ஜன்னலையாவது திறந்துவிடுங்கள். ஆஸ்துமா இருக்கிற ரூம்மேட்டையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எங்களுக்கு வாசனை வேண்டும் என்றால் நாங்கள் செய்வது இதுதான். சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து இறக்கி, தோடம்பழத்தோல் ஒரு பிடி, ஒரு துண்டு கறுவாப்பட்டை போட்டு மேசையில் வைத்துவிடுவோம். அறை ஒரு மணித்தியாலம் மணக்கும். தோல் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஜூஸ் போடுகிற கன்டீன் அண்ணாவிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் பையில் கட்டித் தருவார். பின்னேரம் நாலு மணிக்கு முன்பு போகவேண்டும், பிறகு குப்பைக்குப் போட்டுவிடுவார்.